ஏழாவது கதவு திறக்காது

கேம் கேசட்டை வாயால் ஊதக் கூடாது. எச்சில் பட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு பச்சை பிடித்துவிடும். பதினொரு வருடமாக நம் இணைய மன்றத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருடமாக எல்லோரும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக நான் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அன்பரே, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்களேன்" என்று மட்டும் எழுதுவேன். பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசும் மற்ற இடங்களில் பெரும்பாலும் அடிதடிதான். நம் முகப்பில் மட்டும் 'விளையாட்டு பழசு, பேச்சு பக்குவம்' என்று போட்டிருக்கிறோம். அந்தப் பக்குவத்துக்குக் கை கால் முளைத்தால் என்னைப் போலத்தான் இருக்கும். அடக்கமாகவே சொல்கிறேன்.

நூலகரே, என்னோடு சேர்ந்து மன்றத்தை மேற்பார்வை பார்க்கிறவர் என்ற முறையில் நேற்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தீர்கள். "சார், நீங்க போட்ட டிவி போட்டோவுல 'குண்டு'ன்னு ஒரு பேரு தெரியுதே, அது யாரோட கேசட்?" ஒரு வரிக்கு ஒரு வரியிலேயே பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன்.

வெளியே நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். முன்னால் இருக்கும் கண்ணாடி அலமாரி, விளக்கு, சிரிப்பு எல்லாம் முதலாளியின் மருமகனுக்கு. தண்ணீர் சொட்டும் இயந்திரமும் வெள்ளைச் சேறும் எனக்கு. வீட்டில் என் மதிப்பு அதைவிட ஒரு படி கீழே. டிவி ரிமோட் என் கைக்கு வர மனு போட வேண்டும். 'அப்பாவுக்கு என்ன தெரியும்' என்பதை என் மகள் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை, முற்றுப்புள்ளி வைத்துத்தான் சொல்வாள். மன்றத்தில்தான் என் பெயர் பெரியவர். ஐம்பத்தொரு வயதில் அப்படி ஒரு பெயர் கிடைத்தால் மனிதன் கூச்சப்பட வேண்டும். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்தப் பெயரை வாங்கித்தந்தது, கோட்டை விளையாட்டுக்கு நான் எழுதிய கையேடு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாள் ஏந்திய வீரன் ஒருவன் கோட்டைக்குள் புகுந்து ஆறு கதவுகளைத் திறப்பான். ஏழாவதன் முன்னால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். அந்தக் கதவோடு இருபத்தாறு வருடம் மல்லுக்கு நின்றவன் நான். வெட்டினேன், நெருப்பு வைத்தேன், திரும்பிப் போவதுபோல் நாலடி நடந்து ஏமாற்றிக்கூடப் பார்த்தேன். கடைசியில், அது சும்மா அழகுக்காக வரைந்த கதவு, திறக்காது என்று நாற்பது பக்கத்துக்குக் காரணகாரியத்தோடு எழுதி முடித்தேன். வேறு மூன்று மன்றங்களில் அந்த நாற்பது பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வாழ்க்கையில் நான் பேசி முடித்துவைத்த ஒரே விவாதம் அதுதான்.

நான்கு மாதத்துக்கு முன் பஸ் டிரைவர் அந்தப் பதிவைப் போட்டார். புனைபெயரும் அதுவே, தொழிலும் அதுவே. மூன்று வருடத்தில் பத்துப் பதிவுகூட எழுதியிராதவர். அவருடைய அக்கா இறந்துவிட்டார். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்காதான். நோய் வந்து வீட்டோடு இருந்த கடைசி வருடத்தில் அவருக்குத் துணை கோட்டை விளையாட்டு. ஒருநாள் போனில் சொன்னாராம்: "ஏழாவது கதவைத் தாண்டிட்டேன்டா குண்டு. உள்ள உனக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். வந்து ஆற அமர பாரு." டிரைவருக்கு லீவு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு போட்டுப் பார்த்தால், கேம் பெட்டி புகைந்து அணைந்துவிட்டது. கேசட் மட்டும் மிச்சம். அதை எப்படியாவது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அதற்கு நாற்பத்து மூன்று பதில்கள் வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும், 'அப்போ பெரியவர் கையேடு என்னாகும்?' என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார். 'புதிய தகவல்களை மன்றம் எப்போதும் வரவேற்கிறது' என்று நான் பதில் எழுதினேன். அதை எழுதும்போது என் காது மடல் இரண்டும் கொதித்தன.

எலக்ட்ரீஷியன் என்ற பெயரில் எழுதுபவர், அக்கா சேமித்த ஆட்டத்தைப் பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துத் தருகிறேன் என்றார். அந்தக் கருவி பழைய கேசட்டைக் கெடுத்துவிடும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அது உண்மையில்லை. ஆனால் நான் அவ்வளவு பதமாகச் சொன்னதால் எலக்ட்ரீஷியனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முதலில் பேட்டரியை மாற்றுவோம், பிறகு பார்ப்போம் என்றேன். இந்தக் கேசட்டுகளுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சேமித்த ஆட்டம் அதன் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. மாற்றும்போது இன்னொரு பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதால் மன்றமே என்னைக் கைகாட்டியது.

டிரைவர் கடைக்கே வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம், ஒடிசல் உடம்பு. குண்டு என்ற பெயர் சின்ன வயதில் வைத்ததாக இருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்து, அதன்மேல் கேசட்டைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்.

"நீங்கதான் பெரியவராண்ணே? இன்னும் வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க தம்பி."

"இது ஒண்ணுதாண்ணே மிச்சம். போன்ல அக்கா பேசினது எதையும் நான் பதிஞ்சு வைக்கல. எங்க போயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

"கவலைய விடுங்க. இதுவரைக்கும் முப்பத்தோரு பேருக்கு மாத்திக் குடுத்திருக்கேன். ஒண்ணுகூடப் போனதில்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை வரட்டுமாண்ணே? எனக்கு ஆடத் தெரியாது. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா பாப்பேன்."

வாருங்கள் என்றேன். அதைச் சொன்னபோது மனதறிந்து பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். எனக்கு நான் நிறையவே சலுகை கொடுப்பவன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுக்கு முன்னால் வந்த கடை விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து, மனைவியும் மகளும் வெளியே போயிருந்த நேரத்தில் கேசட்டைப் போட்டேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. திரையில் 'தொடர்க' என்ற வரி பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் குண்டு என்ற பெயர். அக்கா தன் வீரனுக்குத் தம்பியின் பெயரை வைத்திருந்தார். என் பழைய கண்ணாடிக்குழாய் டிவியில் அன்று நிறங்கள் அப்படி ஒரு அழகு. கை சும்மா இருக்குமா? ஒரு போட்டோ எடுத்து, 'உங்கள் டிவியில் படம் எப்படித் தெரிகிறது' என்ற பகுதியில் போட்டேன். பதினாறு பேர் பாராட்டினார்கள். பதினேழாவதாக நீங்கள் உற்றுப் பார்த்துவிட்டீர்கள். எத்தனையோ பேர் எதையெதையோ செய்து அகப்படுகிறார்கள். நான் டிவியைப் பீற்றிக்கொண்டு அகப்பட்டேன்.

பிறகு 'தொடர்க'வை அழுத்தினேன். வீரன் ஒரு சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஏழாவது கதவு, திறந்தபடி. அவன் கையில் வாள் இல்லை. வெறுங்கையோடு போனால் அந்தக் கதவு தானாகத் திறந்துவிடும், நூலகரே. இருபத்தாறு வருடத்தில் வாளைக் கீழே போட வேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அறையில் ஒரு கல்பலகை. ஆடுகிறவர் தன் இஷ்டத்துக்கு மூன்று வரி எழுதிக்கொள்ளலாம். அக்கா நம் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

வந்துட்டியா குண்டு
சாப்ட்டியா
அழாத இனி நீ ஆடு

எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, டிவியை அணைத்துக் கேசட்டை வெளியே எடுத்தேன். அந்த நாற்பது பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. பன்னிரண்டாவது ஆளின் சிரிப்புப் பொம்மையும் ஞாபகத்துக்கு வந்தது. திருகாணிகளைக் கழற்றினேன். முட்டுக்கொடுக்கும் ஒயர் இரண்டும் மேசை டிராயரில் இருந்தன, டிராயரைத் திறக்கவில்லை. மறதி என்று நீங்களே எனக்காக ஒரு காரணம் தேட வேண்டாம். பழைய பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போதும். நான் அரைமணி நேரம் காத்திருந்தேன்; எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பிறகு புதுப் பேட்டரியை அம்சமாகப் பற்றவைத்தேன். இன்னும் இருபது வருடம் தாங்கும்.

'வருந்துகிறேன் நண்பர்களே, கேசட் என் கைக்கு வரும்போதே பேட்டரி செத்திருந்தது' என்று மன்றத்தில் எழுதினேன். அதை நீங்களும் படித்தீர்கள், எனக்கு ஆறுதல்கூடச் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்கு வந்தார். செய்தியை ஏற்கெனவே படித்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நீங்க ஏண்ணே இப்படி ஒடிஞ்சு போறீங்க? உங்க மேல என்ன தப்பு? அக்கா போனப்புறம் நாந்தான் மாசக்கணக்கா சும்மா வச்சிருந்தேன்."

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தவர், குடிக்காமல் சொன்னார்.

"பெருசா ஒண்ணும் எழுதியிருக்காதுண்ணே. சாப்பிட்டியான்னு கேட்டிருக்கும். அக்காவுக்கு அதை விட்டா வேற எதுவும் கேக்கத் தெரியாது."

இருக்கலாம் தம்பி என்றேன்.

"நெஜமா அந்தக் கதவு திறந்திருக்குமாண்ணே? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் மனச ஆத்திக்குவேன்."

"அது திறக்காது தம்பி. இருபத்தாறு வருஷம் பாத்தவன் சொல்றேன். உங்க சந்தோஷத்துக்காக அக்கா அப்படிச் சொல்லியிருப்பாங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. "எங்கக்கா பொய் சொல்லாதுண்ணே" என்றார், எனக்குக் கேட்டும் கேட்காததுமாக. நான் மேற்கொண்டு பேச்சை வளர்க்கவில்லை. துக்கத்தில் இருப்பவரோடு விவாதம் செய்வது பக்குவமல்ல.

கேசட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் வைத்தால் பார்க்கிறபோதெல்லாம் மனசு கேட்காதாம். அதன் பிறகு அவர் மன்றத்துக்கு வரவில்லை. அவரைக் காணோமே என்று நலம் விசாரித்து முதல் பதிவு போட்டவனும் நான்தான்.

அவர் போன மறுநாள் என் சொந்தக் கேசட்டைப் போட்டு, வாளைக் கீழே வைத்துவிட்டு, ஏழாவது கதவை நோக்கி நடந்தேன். சத்தமில்லாமல் திறந்தது. கல்பலகை காலியாக இருந்தது. மூன்று வரி எழுதலாம். யாருக்கு என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். ஒரு பெயரும் தோன்றவில்லை, அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. டிரைவரிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் தடுக்கப்போவதில்லை, ஆனால் ஆறிவரும் புண்ணைக் கிளறாமல் இருப்பதே நட்பு என்பது என் தாழ்மையான கருத்து. அந்த டிவி போட்டோவை இன்று காலை எடுத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். கையேட்டின் புதுப் பதிப்பு தயார். ஏழாவது கதவு திறக்கும் என்று அந்த நாற்பது பக்கத்தையும் மாற்றி எழுதிவிட்டேன். தன் தவறைத் தானே திருத்திக்கொள்ள ஒரு பெரிய மனது வேண்டும் இல்லையா. கண்டுபிடித்தவர் என்று போட வேண்டிய இடத்தில் டிரைவரின் அக்காவைப் போடத்தான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் சேமித்த ஆட்டத்தைக் காட்டாதவர்களின் பெயரை நாம் போடுவதில்லையே. அந்த அம்மாவிடம் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.