கடை பேர் போட்ட வாட்ச்

பரிசுப் பொருள் வாங்குறது லேசான வேலைன்னு நெனச்சுடாதீங்க, இன்ஸ்பெக்டர் ஐயா. எட்டு வருசமா எங்க பட்டுக்கடையில நான்தான் அதைப் பார்த்துக்கினு இருக்கேன். ஒரு வருசம் வாடிக்கையாளருக்கு பிளாஸ்க் குடுத்தேன். ஊத்துன காபி பத்தே நிமிசத்துல பச்சைத்தண்ணி. மூடி மேல கடை பேர் இருந்ததால, யாரைத் திட்டறதுன்னு தேடுற வேலை அவங்களுக்கு மிச்சம். கல்யாண நாளுக்குப் பொண்டாட்டிக்கே கடை பேர் போட்ட கட்டைப்பை குடுத்த ஆளு நான். உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதான்னு கேட்டா. இருக்குதுன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்.

இந்த ஆடியில சேல்ஸ்மேன் இருபத்திரெண்டு பேருக்கும் வாட்ச் குடுத்தேன். நாடித்துடிப்பு பார்க்குற வாட்ச், வாரு மேல கடை பேர். முந்தானையைப் பிரிச்சுக் காட்டும்போது வாடிக்கையாளர் கண்ணு கைக்குத்தானே போவும்? ஒரே செலவுல அவங்களுக்குப் பரிசு, கடைக்கு விளம்பரம். எல்லார் துடிப்பும் என் போன்ல தெரியும். அவங்க ஒடம்பு மேல அக்கறைன்னு முதலாளிகிட்ட சொன்னேன். சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன்.

முனிரத்தினம் எங்க மூத்த சேல்ஸ்மேன். மாகறல் ஊர்க்காரர், அம்பத்தாறு வயசு. பொண்ணு நெறத்தை ஒரு தடவை பார்த்தார்னா நாலாவது புடவையில பில் போட வெச்சுடுவார். முகூர்த்த சீசன்ல அவர் இருக்காரான்னு கேட்டுக்கினுதான் ஜனங்க படியேறுவாங்க.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில என் மேசைக்கு வந்தார். "தேவேந்திரன் சார், இது ரெண்டு நாளா கையில குறுகுறுன்னு துடிச்சிக்கினே இருக்குது. இங்கிலீஷ்ல என்னமோ எழுதுது. பாருங்க சார்."

பார்த்தேன். இதயத்துடிப்பு சரியில்லை, உடனே டாக்டரைப் பாருங்கன்னு எழுதியிருந்தது. என் போன்ல அது புதன்கிழமையே வந்துடுச்சு. ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு கல்யாண வீடு வரவேண்டியிருந்தது, அஞ்சும் அவரைக் கேட்டவங்க. ஆஸ்பத்திரிக்குப் போனார்னா பத்து நாள் படுக்கப் போட்டுடுவாங்க. முகூர்த்தம் முடியட்டும்னு நெனச்சேன்.

"வாட்ச்சுலதாண்ணே கோளாறு," ன்னு சொல்லிட்டு, அந்த எச்சரிக்கையை ஆஃப் பண்ணிக் குடுத்தேன்.

"அப்பாடா, நான் பயந்துக்கினு இருந்தேன் சார்," ன்னு சிரிச்சார். எனக்குக் கும்பிடு வேற போட்டார். மூணாவது மாடிக்குப் படியில ஏறிப்போனார். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். அந்த ரூலும் நான் போட்டதுதான்.

மத்தியானம் மூணாவது கல்யாண வீட்டுக்கு அரக்குப் புடவையைப் பிரிச்சவர், அது மேலயே சாஞ்சுட்டாராம். புடவைக்கு ஒண்ணும் ஆகலையான்னுதான் முதல்ல கேட்டேன். வெக்கமா இருக்குது ஐயா, ஆனா கேட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. என்னுது அவரோட பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தாங்குச்சு. அன்னிக்குத்தான் அவர் பொண்ணு தீபிகா கேட்டுச்சு, "அப்பா வாட்ச் ஒண்ணுமே காட்டலியா சார்?" சார்ஜ் எறங்கிப்போச்சும்மான்னு சொன்னேன். அது நம்பல, உங்ககிட்ட வந்துடுச்சு.

சார்ஜ் எறங்கல ஐயா. அன்னிக்கு அவர் துடிப்பு என் போன்ல ஓடிக்கினுதான் இருந்தது. ஏறுனதைப் பார்த்தேன், தடுமாறுனதைப் பார்த்தேன், நின்னதையும் பார்த்தேன். அப்புறம் போனைக் கவுத்து வெச்சுட்டு, எதிர்ல நின்ன பொண்ணு வீட்டுக்குக் கடை பேர் போட்ட குங்குமச்சிமிழ் எடுத்துக் குடுத்தேன்.