அறுபது நாள் காத்திருந்த வேக்ஸ்

ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். அருவங்காடு ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இன்னைக்கோட அறுவது நாளுங்க. ஊடு போனதும் தேய்ச்சுக் குளிப்பாட்டிர வேண்டியதுதான்.”

இதைக் கேட்ட பிறகு நான் எங்கே தூங்குவது?

“யாரைங்க?”

“காரைத்தானுங்க. புதுசா பெயின்ட் அடிச்சேனில்லீங்க? இந்தக் குளிர்ல அது உள்ளார காய ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் இந்த டப்பாவுல இருக்கற பாலீஷ் வேக்ஸே போடாதீங்கன்னுட்டாரு பெயின்டர். வெறும் தண்ணி ஊத்திக் கழுவறதோட சரி.”

“ஆயுத பூஜைக்கு என்னங்க பண்ணுனீங்க?”

“அதை ஏனுங்க கேக்கறீங்க. ஊட்டுக்காரி சந்தனத்தைக் குழைச்சுட்டு நேரா பானெட்டுக்கு வந்துட்டா. கறை புடிச்சுக்கும், கண்ணாடியில வெய்யின்னேன். ரெண்டு நாள் பேசலீங்க.”

“அப்புறம்?”

“வேக்ஸ் போட்டதும் மொத ரவுண்டு உனக்குத்தான்னு சொல்லிருக்கேன். காலையிலயே பட்டுச் சேலை எடுத்து வெச்சுட்டாளுங்க.”

கேத்தி தாண்டியதும் பேருந்துக் கண்ணாடியில் தூறல் விழுந்தது. டப்பா வைத்திருந்தவர் முகம் மாறிவிட்டது.

“மழைக்குத்தானுங்க வேக்ஸே போடறது,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அதுக்குன்னு மொத நாளே நனைக்கறதுங்களா? கார் ஷெட்டுலயே இருக்கட்டும். ஊட்டுக்காரியப் பஸ்ல கூட்டிட்டுப் போயிர்றேன்.”