முறைப்பில் பிறந்த முறை

மதகையும் மைக்கையும் ஒருசேரக் காத்து நிற்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் கைத்தடி ஊன்றி வீற்றிருக்கும் பெரியோர்களே! களைக்கொத்தைக் கீழே வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல், கிடைத்தவர்களையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"ஆதி மனிதனும் அவன் நிலமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் மின்விசிறி எத்தனை? இரண்டு. அதன் கீழே இருப்பவர்கள் அறிவாளிகளா? ("ஆமா!" என்கிறார் ஒருவர். அவரும் விசிறிக்குக் கீழேதான் இருக்கிறார்.) இல்லை ஐயா. இடம்! வந்து உட்கார்ந்த இடம்! மனித வரலாற்றில் பாதி இவ்வளவுதான்.

ஆதி மனிதனை நடக்க வைத்தது பசி. நிற்க வைத்தது புல். மணி பிடித்த காட்டுப்புல். விதைத்தவன் விட்டுப்போக முடியுமா? காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்குக் கூரை வேண்டும். விளைந்ததை வைக்கக் குதிர் வேண்டும். குதிர் ஒன்று நின்றால், அதைப் பார்க்கப் பக்கத்துக் கண் இரண்டு வந்து நிற்கும்! நடந்து திரிந்தவனுக்கும் பொறாமை இருந்திருக்கும். ஆனால் அவன் பொறாமைப்பட, அடுத்தவன் தோளில் தூக்கிய மூட்டைதானே இருந்தது?

ஆற்று வளைவில் நின்றவனுக்கு வண்டல் வந்தது. மேட்டில் நின்றவனுக்குப் பாறை வந்தது. ஒருவன் பக்கத்தில் பழக்கிக்கொள்ள ஆடும் மாடும் மேய்ந்தன. இன்னொருவன் பக்கத்தில் ஏர் இழுக்க ஒரு மிருகமும் இல்லை. உழைப்பில் குறையா? உள்ளத்தில் குறையா? நிலம் தந்த நிலை அது!

பழைய கதை போதும். சென்ற வாரம் இந்த ஊர் வாய்க்காலை நடந்து பார்த்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் செய்தி எழுதியவன். பார்க்காமல் பேசிப் பழக்கமில்லை.

வாய்க்காலின் தலைமடையில், மதகை ஒட்டி, ஓர் அக்காவின் வயல். கடைமடையில், வாய்க்கால் முடியும் இடத்தில், அவர் தங்கையின் வயல். கயிறு பிடித்துச் சமமாகப் பிரித்துக் கொடுத்தவர் அவர்கள் அப்பா. அளவு சரி, சரிவுதான் ஒரு பக்கம். சங்க விதிப்படி ஆளுக்கொரு நாள், மதகு திறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் தண்ணீர். நியாயம்தானே?

தங்கையின் முறையன்று காலை ஏழுக்கு மதகைத் திறந்தார்கள். அவர் வயல் வரப்பில் நான் நின்றேன். தண்ணீர் வந்தபோது மணி ஏழு நாற்பத்து மூன்று. எட்டுக்கு அங்கே மூடினார்கள். எட்டேகாலுக்கு இங்கே ஓட்டம் நின்றது. அக்காவுக்கு அறுபது நிமிடம், தங்கைக்கு முப்பத்திரண்டு. மீதியை வெடித்துக் கிடந்த வாய்க்கால் குடித்துவிட்டது. சோளம் பால் பிடிக்கும் நேரம். "அடுத்த முறையிலயாவது ஒரு முழு நனைப்பு கிடைக்கலன்னா மொத்தமும் பதர்தான் சார். அதோட விவசாயத்தை விட்டுடுவேன்" என்றார் தங்கை. அப்புறம் மேற்கே பார்த்தார். அங்கே அக்கா வயல் பச்சையாக ஆடியது. அந்தப் பார்வையில் நெருப்பு இருந்திருந்தால் பயிர் பற்றி எரிந்திருக்கும்!

என்ன அம்மா? எழுந்துவிட்டீர்கள். தலைமடை அக்காதானே? பேசுங்கள்.

"அவ பார்த்ததை மட்டும் சொல்றீங்களே, நான் பார்க்கிறதைச் சொன்னீங்களா? தண்ணியோட வர்ற மணலெல்லாம் என் வயல்ல இறங்குது. வண்டல் பூரா அவ வயலுக்குப் போகுது. அவ மண்ணுல கை வச்சா வெண்ணெய். எனக்கு எரியாதா?"

"அந்த வெண்ணெய் வெடிச்சு, காலு உள்ள போகுதுக்கா. வந்து பார்த்தியா நீ?"

"எங்கடி கூப்பிட்ட?"

சிரிக்காதீர்கள்! இதுதான் என் தலைப்பு! பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதன் இப்படித்தான் மேட்டிலிருந்து பள்ளத்தையும், பள்ளத்திலிருந்து மேட்டையும் முறைத்துக்கொண்டிருக்கிறான். முறைத்தவர்களில் சிலர் கல்லை எடுத்தார்கள், மதில் பிறந்தது. சிலர் எதிரே உட்கார்ந்து பேசினார்கள்; முறை பிறந்தது! தண்ணீர் விடுவதற்குப் பெயர் முறை. அக்கா தங்கை என்பதும் முறை. நியாயம் கேட்டு வருவது முறையீடு. முறைப்புக்கும் முறைக்கும் வேர் ஒன்றா என்று புலவர்கள் சண்டை போடட்டும். எனக்குத் தெரிந்து இரண்டும் ஒரே வரப்பில்தான் முளைக்கின்றன!

அம்மா, கேட்கிறேன். கடிகாரத்தை மதகில் ஆரம்பிக்காமல், தண்ணீர் தங்கை வயலைத் தொட்டபின் ஆரம்பித்தால் சம்மதமா?

"எனக்கு என்ன கிடைக்கும்?"

நல்ல கேள்வி! ஆதி மனிதனும் இதைத்தான் கேட்டிருப்பான். நீங்களே சொல்லுங்கள்.

"வருஷா வருஷம் வாய்க்கால் தூர் வாருறப்போ, கடைமடை வண்டலை அவ வரப்புல கொட்டிக்கிறா. அதுல பத்து வண்டி எனக்கு வேணும்."

"பத்தா? ஆறு!"

"எட்டு. இல்லன்னா கடிகாரம் மதகுலயே இருக்கட்டும்."

"சரி, எட்டு. வண்டி நீதான் கொண்டு வரணும்."

"வரேன். வந்தா அந்த வெடிப்பையும் பார்த்துடறேன்."

தலைவர் அவர்களே, மனம் மாறுவதற்குள் எழுதிவிடுங்கள்! மண்ணுக்கு மாற்று நீர், நீருக்கு மாற்று மண். நிலம் கோணலாகக் கொடுத்ததை மனிதன் நேராக்கிய இடமெல்லாம்தான் சமுதாயம்! பொறாமையை ஒழித்துவிட்டு யாரும் ஊர் அமைக்கவில்லை; பொறாமையோடு வந்து, பேசி, ஊர் அமைத்தார்கள்!

நாளை காலை ஏழு மணிக்குத் தங்கையின் முறை. கடிகாரத்தை அவர் வயலில் ஆரம்பிக்க ஒப்புக்கொள்பவர்கள் கை உயர்த்துங்கள்.

முதல் கை அக்காவுடையது. முகம் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இருக்கட்டும் அம்மா, இருக்கட்டும்! எங்களுக்குக் கை போதும்.

பேச அழைத்த சங்கத்துக்கும், குறுக்கே பேசி என் உரையை நிறைவு செய்த சகோதரியர் இருவருக்கும், கடைசிவரை சுவரோரம் நின்றே கேட்ட நண்பர்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!