முதுகுக்குப் பின்னால் சுவர்

– சுருக்கமாச் சொல்றேன் சுமையா. பதினாறு-முப்பத்தஞ்சு லென்ஸு வாங்குவோம். மண்டபம் முழுக்க விழும். அப்படியே மேடைக்கிட்டப் போய் ஜூம் பண்ணி மாப்பிள்ளை, குடும்பம் எல்லாத்தையும் எடுத்துக்கலாம். நம்ம ரெண்டு மிரர்லெஸ் கேமராவுக்கும் ஒரே மவுண்டு, லென்ஸு மாட்டுற வாய் ஒண்ணுதான், மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். ஒரே லென்ஸு, ரெண்டு வேலை.

– ரெண்டும் உங்க வேலை. என் வேலை ஒண்ணுகூட அதுல இல்ல. எனக்குப் பன்னெண்டு-இருபத்துநாலு வேணும்னு போன மாசத்துல இருந்து சொல்றேன்.

– நாலு நம்பர் குறைஞ்சா இன்னும் கொஞ்சம் அகலமா விழும், வேற என்ன வந்துரப் போகுது?

– பொண்ணு உக்காந்திருக்கிற ரூம்புக்குள்ள நீங்க வந்ததில்ல, அதான் இப்படிக் கேக்குறீக. ஆம்பளைக வரக்கூடாதுன்னு நீங்க வெளிய நின்னுக்கிறீக. பத்தடிக்கு எட்டடி ரூம்பு. கட்டில், பீரோ, தையல் மிஷினு, அதுக்குள்ள இருபது பொம்பளைக. நான் பீரோவுல முதுகை ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். மண்டபத்துல பத்தலைன்னா நீங்க பின்னாடி பத்தடி நடந்துக்கிருவீக. நான் எங்கிட்டு நடக்க, சுவத்துக்குள்ளயா?

– அம்புட்டு வைடு போனா ஓரத்துல நிக்கிறவுக மூஞ்சியெல்லாம் பூசணிக்காயாட்டம் இழுத்துரும். அப்புறம் மாமியாக்காரி சண்டைக்கு வருவா.

– ஓரத்துல மனுசரை எதுக்கு நிப்பாட்டணும்? நான் ஓரத்துல கதவையும் பீரோவையும் வைப்பேன், மனுசரை நடுவுல வைப்பேன். கேமராவைச் சாய்க்காம நெஞ்சு உயரத்துல பிடிப்பேன். பண்ணைப்புரத்துல மகாலட்சுமி வளைகாப்பு, தேவாரத்துல ரெண்டு வளைகாப்பு, எல்லாம் அப்படித்தான் எடுத்தேன். யாரும் வந்து பூசணிக்காய்னு சொல்லல.

– அதெல்லாம் சில்லறை ஆர்டரு. கல்யாணம் வேற, புரிஞ்சுக்க.

– சரி, இருக்கட்டும். கல்யாணத்தைப் பத்தியே பேசுவோம். உத்தமபாளையத்துல சம்சுதீன் மக கல்யாணம்.

– அதை எதுக்கு இப்ப இழுக்குற?

– நம்ம பழைய வைடு லென்ஸு அன்னைக்குக் காலையில என் பையில இருந்துச்சு. நானே தொடைச்சு, துணி சுத்தி வச்சது. பொண்ணு கழுத்துல தாலியாட்டம் கருகமணி கட்டப் போறாக, வா வான்னு கூப்பிடுறாக. பையைத் திறந்தா அங்கன துணி மட்டும்தான் கெடக்கு.

– பந்தல் வாசலு, மாப்பிள்ளை காரு எல்லாத்தையும் ஒரே படத்துல கேட்டாக. எடுத்துட்டு உடனே கொண்டாந்து குடுத்துரலாம்னுதான்...

– உடனேயா? ஜெனரேட்டர் வண்டி மேல வச்சு, கீழ போட்டு, கண்ணாடி நொறுங்கிப் போய்க் கொண்டாந்தீக. அதுக்கு முன்னாடி எடுத்த படத்தையும் பார்த்தேன். பாதிப் படம் காலி நாற்காலி.

– ஒடைஞ்சுபோச்சு, விடு. அதுக்குத்தானே இப்பப் புதுசு வாங்குவோம்னு உக்காந்திருக்கேன்.

– நான் இன்னும் முடிக்கல. கையில மிச்சம் இருந்தது ஐம்பது நம்பர் லென்ஸு ஒண்ணுதான். அந்த ரூம்புல அதைப் போட்டா ஒரு கை, ஒரு கழுத்து, அம்புட்டுத்தான் விழும். மாப்பிள்ளையோட அம்மா அம்சத் பீவி கருகமணியைக் கட்டுறாக. முகத்தைப் பிடிச்சா கை போகுது, கையைப் பிடிச்சா முகம் போகுது. ஆல்பத்துல அவுக கை மட்டும்தான் இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு இங்கன ஸ்டுடியோவுக்கு வந்தாக, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. தெருவே பார்த்துச்சு.

– என் வீட்டுக்கு வர்ற புள்ள கழுத்துல நான் கட்டுறேன், அந்தப் படத்துல நானே இல்லையேன்னு கேட்டாக. அவுக கேட்டது நியாயம். நீங்க என்ன பதில் சொன்னீக?

– ஏதோ சொல்லிச் சமாளிச்சேன்.

– என்ன சொன்னீக?

– அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா.

– நான் வச்சிருக்கேன். நான் உள்ள உக்காந்து பிரிண்டு வெட்டிக்கிட்டு இருந்தேன். "பொம்பளை எடுத்தது அக்கா, அப்படித்தான் இருக்கும், மனசுல வச்சுக்காதீக" அப்படின்னு சொன்னீக.

– வியாபாரம், புள்ள. கோவமா வந்து நிக்கிறவுககிட்ட யார் மேலயாச்சும் பழியைப் போட்டுத்தான் ஆகணும்.

– உங்க மேல போட்டிருக்கலாம்ல? லென்ஸை எடுத்தது நீங்க, ஒடைச்சது நீங்க. போர்டுல ஹக்கீம் ஸ்டுடியோன்னு உங்க பேரு இருக்கலாம். ஆனா ஆர்டர் குடுக்க வர்றவுக மொதல்ல கேக்குறது, பொம்பளைக பக்கம் எடுக்க உங்க வீட்டம்மா வருவாகளான்னுதான்.

– இப்ப என்ன கெட்டுப்போச்சு? நான் சமாளிச்சதுனாலதானே அதே அம்சத் பீவி ரெண்டாவது மகன் கல்யாணத்துக்கும் நம்மளையே கூப்பிட்டிருக்காக. ஞாயித்துக்கிழமை போய் நல்லா எடுத்துக் குடுத்தா முடிஞ்சுது.

– நீங்க சமாளிச்சதுனாலயா?

– பின்னே?

– ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் அவுக வீட்டுக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். உக்காருன்னுகூடச் சொல்லல. வாடகைக்கு எடுத்த பன்னெண்டு-இருபத்துநாலு லென்ஸைப் போட்டுக்கிட்டு, அவுக வீட்ல இருக்கிறதுலயே சின்ன ரூம்புல, சுவத்தோட சுவரா நின்னேன். மருமக கழுத்துல கருகமணியை ஒரு தடவை பிடிங்கன்னு கேட்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். கை இருந்துச்சு, முகம் இருந்துச்சு, பின்னாடி கட்டில்ல ஏறி நின்னு பார்த்த மக வழிப் பேரப்புள்ளையும் இருந்துச்சு. ரொம்ப நேரம் பார்த்தாக. அப்புறம்தான் டீ போடச் சொன்னாக.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ஊருக்குள்ள என் மானத்தை வாங்கப் போனியா?

– என் மானத்தைத் திருப்பி வாங்கப் போனேன்.

– ரொம்பத்தான் பேசுற நீ. ஆமா, மேசைக்குக் கீழ என்ன டப்பா அது?

– திறந்து பாருங்க.

– பன்னெண்டு-இருபத்துநாலு. வாங்கியே புட்டியா? அப்புறம் எதுக்கு இம்புட்டு நேரம் என்னைப் பேச விட்ட?

– உனக்கு எது வேணும்னு ஒரு தடவையாச்சும் கேப்பீகளான்னு பார்த்தேன். கேக்கல.

– சரி, வாங்குனது வாங்கிட்ட. சுருக்கமாச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலையில நான் வாசலையும் பந்தலையும் எடுத்துட்டு உனக்கு உள்ள குடுத்து விடுறேன். இந்தத் தடவை ஜாக்கிரதையா வச்சுக்கிறேன், போதுமா? என்ன இது, நம்ம கேமராவுல மாட்ட மாட்டேங்குது.

– போட்டு முறுக்காதீக.

– வாய்ப்பக்கமே பொருந்தல. வேற கம்பெனி கேமராவுக்கு உள்ளதைக் கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். இதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றது. பில்லைக் கொடு, நான் தேனிக்குப் போய்ப் பேசிக்கிறேன்.

– கடைக்காரர் நான் கேட்டதைத்தான் சரியாக் குடுத்திருக்காக. நானும் சுருக்கமாச் சொல்றேன். அது மாட்டுற கேமரா என் பையில இருக்கு, நீங்க சில்லறைன்னு சொன்ன வளைகாப்புக் காசுல வாங்கினது. ஞாயித்துக்கிழமை அம்சத் பீவி கூப்பிட்டிருக்கிறது ஹக்கீம் ஸ்டுடியோவை இல்ல, என்னைய.