வாய்க்காரம்மாவோட மைக்

இல்லைங்க மேடம், உக்காரல. மைக் உயரம் கேட்டுட்டு வந்துடறேன்னு வெளிய சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன். ஆமா, மைக்செட்காரன்தான். உங்க கூட்டத்துக்கு இதோட நாலு தடவ கட்டியாச்சு. மூஞ்சி ஞாபகம் இருக்காது, பரவால்ல. பேசறவங்களத்தான எல்லாரும் பாப்பாங்க, ஒயர் இழுக்கறவன யார் பாக்கறா.

தண்ணி வேணாங்க.

இந்தக் கதவ சாத்திக்கறேனே? உங்க பி.ஏ. டீ வாங்கப் போறத பாத்துட்டுதான் வந்தேன். பயப்படாதீங்க மேடம், ரெண்டு கையும் வெளியதான வச்சிருக்கேன். போன் மட்டும்தான் இருக்கு. வீட்டுக்காரி கூப்பிடணும், அதுக்குத்தான் புடிச்சிட்டே நிக்கறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்க ஆள் இல்ல. ஒரு தடவகூட உங்களுக்கு ஓட்டு போட்டதில்ல, இனிமேலும் போடறதா இல்ல. ம்... சிரிக்கறீங்க. வேற யாராவதா இருந்தா இந்நேரம் வெளிய அனுப்பியிருப்பாங்க.

போன வருஷம் வியாபாரிங்க சங்கத்துல பேசினீங்களே, அந்தக் கால்வாய் ஓரம் இருக்கற கடைங்களப் பத்தி? அதுல மூணாவது கடை என்னுது. நானே மைக் கட்டி, நானே சவுண்ட் ஏத்தி விட்டு, என் கடைய இடிக்கணும்னு உங்க வாயால கேட்டேன். கடைங்க கால்வாய அடைச்சிட்டு நிக்குது, மழை வந்தா பின்னாடி இருக்கற எரநூறு வீட்டுல தண்ணி ஏறுது, கடைங்க போய்த்தான் ஆகணும், கோவமா இருந்தா ஓட்டு போடாதீங்கன்னு சொன்னீங்க. இருந்தவங்க எல்லாம் கடைக்காரங்க! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மைக்க புடுங்கிட்டுப் போயிடலாம்னு இருந்துச்சு.

அப்ப பின்னாடிலேர்ந்து பாத்திரக்கடைக்காரன் உங்கள அசிங்கமா ஒரு வார்த்த சொன்னான். நீங்க என்னைப் பாத்து, அந்த மைக்க அவர்கிட்ட குடுங்க, அவர் பேசறது எனக்கு சரியா கேக்கலன்னீங்க. நான் அம்பதடி ஒயர இழுத்துட்டு கூட்டத்துக்குள்ள போனேன். மைக்க கையில குடுத்ததும் அத ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டான். அப்புறம் மெதுவா, என் கடைய விட்டா எனக்கு வேற பொழப்பு இல்லம்மான்னான். நீங்க கீழ எறங்கி வந்து அவன் பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. கேட்டுட்டு, அப்பவும் இடிக்கணும்னுதான் சொன்னீங்க. வேற எடம் வாங்கித் தர்றதுக்கு முயற்சி பண்றேன், ஆனா வாக்கு குடுக்க மாட்டேன்னீங்க.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும், பொண்டாட்டிகிட்ட உங்கள வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்க தெருவுல உங்களுக்கு வாய்க்காரம்மான்னுதான் பேரு, கோச்சுக்காதீங்க. திட்டி முடிச்சிட்டு, ஆனா பொம்பள பொய் சொல்லலடின்னேன். எனக்கே தெரியாம வந்துடுச்சு.

இருபத்திரெண்டு வருஷமா மைக் கட்டறேன் மேடம். இந்த ஏரியால எந்தப் பக்கம் ஆளுங்க ஜாஸ்தின்னு என்னையே கேட்டுட்டு, மேடை ஏறினதும் பேச்ச மாத்தினவர் இருக்கார். கைத்தட்டற சத்தத்த பதிவு பண்ணி எடுத்துட்டு வந்து, நடுநடுவுல போடுப்பான்னவர் இருக்கார். போட்டேன். நான் என்ன பண்றது, கூலிக்குக் கட்டறவன்.

இன்னும் கூப்பிடல பாருங்க அவ. ஒரு மணிக்கே ஸ்கூலுக்குப் போயிருக்கணும். பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி பொண்ண கூட்டிட்டு, நேரா மச்சான் ஊருக்கு பஸ் ஏறச் சொல்லியிருக்கேன். ஏறினதும் கூப்பிடுன்னேன். இப்ப மணி மூணே முக்கால்.

முந்தாநேத்து மத்தியானம் ரெண்டு பேரு கடைக்கு வந்தாங்க. ஒருத்தன் வாசல்லயே நின்னுட்டான். இன்னொருத்தர் கண்ணாடி போட்டவர், அவ்வளவு மரியாதை. வாங்க, போங்க, அண்ணேன்னுதான் பேச்சு. அந்த அம்மா கூட்டத்துக்கு நீங்கதான கட்டறீங்கன்னாரு. ஆமான்னேன். நடுவுல மைக் போகணும்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். அதெல்லாம் இந்தத் தொழில்ல சகஜம். ஆனா அவர் அதக் கேக்கல. உங்க பொண்ணு பன்னெண்டாம் நம்பர் பஸ்ல ஜன்னலோரமா உக்காருமாமே, தலைய வெளிய நீட்ட வேணாம்னு சொல்லுங்கண்ணேன்னாரு. அப்புறம்தான் வேலை என்னன்னு சொன்னாரு.

போலீஸா? ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேங்க. அன்னிக்கு என் கடை வாசல்ல நின்னவன் உள்ள பெஞ்சுல உக்காந்து ரைட்டரோட டீ குடிச்சிட்டு இருந்தான். என்னைப் பாத்து கைய வேற ஆட்டினான். திரும்பி வந்துட்டேன்.

என்ன வேலைன்னு சொல்றேன். சொல்லத்தான் வந்தேன். ஆனா எனக்கு உங்களத்தான் இப்ப ரொம்ப பயமா இருக்கு. அவங்களவிட உங்கள. உங்க வாயில எதுவும் நிக்காதே மேடம்! நான் சொன்ன அடுத்த நிமிஷம் வெளிய போய் நாலாயிரம் பேருக்கு முன்னாடி அப்படியே சொல்லிடுவீங்க. யார் சொன்னதுன்னும் சொல்லிடுவீங்க. எந்த குணத்த பாத்து எனக்கு உங்க மேல மதிப்பு வந்துச்சோ, இன்னிக்கு அதுதான் என் கொழந்தைக்கு எமனா நிக்குது.

அதனால ஒரே ஒரு தடவ, எனக்காக. தொண்ட கட்டிக்கிச்சு, இன்னிக்கு பேச முடியலன்னு ஒரு பொய் சொல்லிட்டு வண்டில ஏறிடுங்க. நான் சொன்னது இந்த ரூமோட போகட்டும். சத்தியம் பண்ணிக் குடுங்க, கால்ல வேணா விழறேன்.

முடியாதா?

என் பேர சொல்லாம இருக்கறதுக்கு மட்டும் முயற்சி பண்றீங்களா? அதுக்கும் வாக்கு இல்ல. தெரியும். சத்தியமா தெரியும் மேடம். சரின்னு நீங்க சொல்லியிருந்தாதான் எனக்கு நம்பிக்க வந்திருக்காது.

மேடைலேர்ந்து உங்களக் கூப்பிடறாங்க, கேக்குது. இருங்க, ஒரே நிமிஷம், அவ கூப்பிட்டுடட்டும், அது வரைக்கும்... ஐயோ, கதவுகிட்ட போகாதீங்க. நான் மறிக்கல. மறிக்கறதுக்கு நான் யாரு. நடங்க, நடந்துகிட்டே கேளுங்க.

மேடை முன்பக்கம் நடுவுல வெள்ளியாட்டம் பளபளன்னு ஒரு மைக் நிக்கும், அதத் தொடாதீங்க. அதுக்கு முன்னாடி இருக்கற இரும்புக் கம்பியையும் தொடாதீங்க. பேசும்போது நீங்க ஒரு கையால அதப் புடிச்சிப்பீங்க, அது அவங்களுக்கும் தெரியும். ஆம்ப்ளிஃபயர்கிட்ட கண்ணாடிக்காரர் உக்காந்திருக்கார், அதான் என்னால கழட்ட முடியல. மைக்கோட உடம்பு பூரா கரண்ட் ஓடுது மேடம். வேற யாரும் பண்ணல. காலைல பத்தரைக்கு நான்தான் கட்டினேன்.