விருந்தாளிக்குத் தொட்டித் தண்ணி

— ஆறு மாசத்துல இது மூணாவது வடிகட்டி, கிளெனிஸ். கைய நீட்டுங்க. தொட்டுப் பாருங்க, சுண்ணாம்பு. கல்லு மாதிரி இறுகியிருக்கு.

— கெட்டில்லயும் இப்படித்தான்ப்பா படியுது. கத்தியால சுரண்டிட்டு மறுபடி அடுப்புல வச்சுக்குவோம். இதையும் சுரண்டிப் பாரேன் கேலம்.

— இது கெட்டில் இல்லீங்க. உங்க வீட்டுக்காரர் ராய்ஸோட ரத்தம் உள்ள போய் வெளிய வர்ற மெஷின். டயாலிசிஸ்ல போய்ச் சுரண்டுற வேலையெல்லாம் ஆகாது. நேத்து பாதியிலயே நின்னுதே, அது நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கோங்க.

— சரி, புதுசா ஒண்ணு மாட்டிடு.

— அதுவும் ரெண்டு மாசம் வரும். எனக்கு ஒண்ணுதான் புரியல. மெஷின் மாட்டுறதுக்கு முன்னாடி நீங்க அனுப்புன பாட்டில் தண்ணிய நாங்க ஆஸ்பத்திரியில சோதிச்சோமில்ல? அதுல சுண்ணாம்பே இல்ல. போர்த் தண்ணி ஊருல இப்படி ஒரு தண்ணியான்னு எல்லாருக்கும் ஆச்சரியம். அத நம்பித்தான் மெஷினையே அனுப்பினோம்.

— நீதான ஜன்னல்கிட்ட நிக்கிற. ராய்ஸ் எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லு.

— கொட்டகை நிழல்ல. நாய்கிட்ட ஏதோ பேசிக்கிட்டிருக்காரு.

— கதவ லேசா சாத்து. அது குழாய்த் தண்ணி இல்லப்பா.

— பின்ன?

— மழைத் தண்ணி. பின்பக்கத் தொட்டியில பிடிச்சது.

— சமையலறைக் குழாயிலதான் பிடிக்கணும்னு பாட்டில் மேலயே ஒட்டியிருந்துச்சே!

— படிச்சேன். குழாயத் திறக்கவும் செஞ்சேன். குப்புன்னு அழுகின முட்டை வாடை. வெளியூர்க்காரங்களுக்குப் போய் அந்தத் தண்ணியவா கொடுக்குறது? இந்த ஊருல ஒருத்தரும் கொடுக்க மாட்டோம். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊத்த, அதுக்குத்தான் குழாய். ஆள் வந்தா தொட்டித் தண்ணிதான். நீ இப்பக் குடிச்ச டீ எந்தத் தண்ணின்னு நினைச்ச? பாட்டிலக் கழுவிக்கிட்டு நேரா தொட்டிக்குப் போய்ட்டேன். சந்தோஷம் வேற எனக்கு, ஆஸ்பத்திரிக்கு நல்லதா அனுப்புறோம்னு.

— கடவுளே.

— குழாயிலயே பிடிச்சு அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மழுப்பாமச் சொல்லு.

— உங்க வீட்டுக்கு மெஷினே வந்திருக்காது.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அதனால நீங்க ஒண்ணும் கெடுத்துடல. ஆறு மாசம் வீட்டுல இருந்தாரு, அப்படி எடுத்துக்கோங்க.

— கொடுத்துட்டுப் பிடுங்குறதுக்குப் பேரு கெடுக்குறது இல்லாம வேற என்ன? தொட்டித் தண்ணியிலயே ஓட்ட முடியாதா? அதத்தான நீங்க மெச்சினீங்க?

— வரும்போது உங்க தொட்டியத் தட்டிப் பாத்தேன். வெறுந்தகரம் மாதிரி சத்தம் வருது.

— பக்கத்து வீட்டு டோரீன் தர்றேங்கறா. சர்ச்சுல கேட்டாக்கூட…

— அப்புறம் அவங்க எதக் குடிப்பாங்க? இங்க கடைசியா எப்ப மழை பேஞ்சுது?

— அதக் கேக்காத.

— அதுவுமில்லாம கூரைத் தண்ணியில பறவை எச்சம், தூசி, எல்லாம் இருக்கும். ஆஸ்பத்திரியில அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க. என் கையில எதுவும் இல்லீங்க.

— அப்ப மறுபடி அடிலெய்டு ஆஸ்பத்திரியா?

— அடிலெய்டுதான். வாரத்துக்கு மூணு தடவை. போய் வர்ற தூரமா இது? அங்கயே தங்கிடணும்.

— எதுவரைக்கும்?

— அதுக்கு முடிவு கிடையாதுங்க. தள்ளியும் போடாதீங்க. மெஷின் இல்லாம இவரு உடம்பு ரெண்டு வாரம் தாங்குனா பெரிசு.

— போன தடவை அங்க ஒரு வருஷம் இருந்தான். நாலாவது மாடி, திறக்காத ஜன்னல். மூச்சு முட்டுதுன்னு கீழ கார் நிறுத்துற இடத்துல போய் நிப்பானாம், பொழுது சாயுறவரைக்கும். வாயத் திறந்து பேசுறதே நின்னு போச்சு. மெஷினோட வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான், சூப்புல உப்பே போடலன்னு என்கூடச் சண்டை போட்டான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— அவர்கிட்ட நான் சொல்லவா?

— மெஷின் பழசுன்னு சொல்லு. பாட்டில் விஷயத்த விட்ரு. அத நானே என்னைக்காவது சொல்லிக்கிறேன்.

— சரி. அங்க அவருக்கு இடம் பிடிக்கணும். இப்பவே போன் பண்ணிடுறேன்.

— ரெண்டு பேரா தங்குற மாதிரி கேளு. நானும் போறேன். கோழிங்கள டோரீன்கிட்ட… இரு, வர்றான்.

— என்ன கிளென், வயசுப்பையன உள்ள விட்டுக் கதவச் சாத்திட்ட? டோரீன் பாத்தா ஊரெல்லாம் சொல்லிடுவா.

— உன் வாயி இருக்கே. உக்காரு ராய்ஸ்.

— தம்பி மூஞ்சியே சொல்லுதே. மெஷின் போச்சா?

— மெஷின் கொஞ்சம் பழசுங்க, அதனால…

— பழசா? பொய் சொல்லும்போது கையில இருக்கிற சுண்ணாம்பக் கீழ போட்டுட்டுச் சொல்லணும் தம்பி.

— அவன விடு. நாம அடிலெய்ட் போறோம். இந்தத் தடவை நானும் கூட வர்றேன். கீழ்மாடியா, ஜன்னல் திறக்குற அறையாக் கேக்கச் சொல்றேன். கோவம்னா என்னத் திட்டு ராய்ஸ்.

— தம்பி, நீ போன் பண்ண வேணாம். நேத்து மெஷின் நின்னதுமே நான் டாக்டர்கிட்டப் பேசிட்டேன்: எனக்கு அங்க இடம் வேணாம், மெஷின் இல்லாம எத்தனை நாள் வருதோ அத்தனை நாளும் இவகூட இங்கயே இருந்துக்கிறேன்னு.