நூற்றியெண்பதில் நின்ற முள்

இரவு எட்டேகால். அரிசோனா பாலைவனத்தை விட்டு மலைக்கு ஏறும் ஒன்பது மைல் சாலை. முன்னால், படுக்கையும் அடுப்புமாக வீட்டையே சுமந்துபோகும் ஒரு மோட்டார்ஹோம், நூறு அடி பின்னால் இன்னொன்று. வேறு வெளிச்சமே கிடையாது...

நாற்காலிகளைக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நாம் எல்லாரும் ஏறப் போவது அதே ஏற்றம்தான், அதனால்தான் இன்றைக்குச் சொல்கிறேன். வாண்டாவின் காதில் விழ வேண்டாம். அதோ, அவள் வண்டியில் விளக்கு அணைந்துவிட்டது. அன்றைக்கு முன்னால் போனது அவள் அண்ணன் டெல்மர். பின்னால் போனவள் அவள்.

டெல்மரின் மனைவி ஆர்லீன் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அவர்கள் வண்டியில் எது உடைந்தாலும், எது தளர்ந்தாலும், ஆஸ்பத்திரி வெள்ளைப் பிளாஸ்திரிதான். ஒட்டிவிட்டு ஓரத்தைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்துவிடுவாள். பிறகு பிரிக்கும்போது நகத்துக்கு அகப்படுமாம். அலமாரிக் கதவு, தண்ணீர்க் குழாய், டெல்மரின் கண்ணாடிக் காம்பு... எல்லாவற்றிலும் அந்த மடிப்பு இருக்கும்.

ஏற்றத்தில் கணவன் ஓட்ட, மனைவி கியர்பாக்ஸ் சூட்டு மீட்டரைப் பார்த்து வாசிப்பதுதானே நம் எல்லார் வழக்கமும்? ஆர்லீன் அதைக் காய்ச்சல் பார்ப்பது போலச் செய்வாள். "நூத்தி எழுபது... நூத்தி தொண்ணூறு..." இருநூற்றி இருபது டிகிரியைத் தொட்டால் அவ்வளவுதான். "ஓரங்கட்டு, டெல்." நியூட்ரலில் போட்டு இருபது நிமிடம் ஆற வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள்.

முகாமுக்கு வந்து சேர்ந்தால் கேலி. "ஆமை வந்தாச்சு. நேத்து கிளம்பினவங்க இன்னிக்காவது வந்தாங்களே." டெல்மர் சிரிப்பார். ஆனால் அந்த ஆளுக்கு ரோஷம் மூக்கு நுனியில்.

ஒரு குளிர்காலம், ஆர்லீன் துணி துவைக்கப் போயிருந்த மதியம், அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். மீட்டரின் சென்சார், கியர்பாக்ஸிலிருந்து கொதிக்கும் ஆயில் வெளியே வரும் குழாயில் இருந்தது. அதைக் கழற்றி, கூலரில் ஆறித் திரும்பி வரும் குழாயில் மாட்டினார். பத்து நிமிட வேலை. உள்ளே கியர்பாக்ஸ் வெந்துகொண்டிருந்தாலும் முள் நூற்றியெண்பதைத் தாண்டாது.

"புது ஆயில் ஊத்தியிருக்கேன். இனிமே சூடே ஏறாது பாரு," என்று அவளிடம் சொன்னார். இதோ, என் வீட்டுக்காரர் கில்லும் போன மாதம் புது ஆயில்தான் ஊற்றினார். நல்ல ஆயில், நல்ல ஆயில்.

ஆர்லீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகாம் முழுக்கப் போய்ச் சொன்னாள், "என் ஆளு சரி பண்ணிட்டாருப்பா." அவருக்கு ஆப்பிள் பை பலகாரம் செய்து கொடுத்தாள். அவரும் தின்றார். பொய் சொன்னதைக்கூட மன்னிப்பேன், அந்தப் பலகாரத்தைத் தின்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு ஏற்றம் நிற்காமல் ஏறினார்கள். மூன்றாவது, இந்த ஒன்பது மைல். முன்பெல்லாம் ஏற்றத்தில் ஆர்லீன் இருக்கையை விட்டு அசையமாட்டாள். அன்றைக்கு ஆறாவது மைலில், முள் சும்மா நிற்கிறதே என்று, காபி போடப் பின்னால் போனாள். அங்கிருந்து கேட்டாள்.

"என்ன காட்டுது, டெல்?"

"நூத்தி எண்பது. நீ பாட்டுக்குப் போடு."

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துப் பொங்கிப் புகைக்குழாய் மேல் கொட்டியது. தீ தரையைப் பிய்த்துக்கொண்டு வண்டியின் நடுவில் ஏறியது. பக்கவாட்டுக் கதவும் நடுவில்தான். டெல்மர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்தார். அவளுக்குக் கதவில்லை.

போலீஸ்காரர்களிடம், "மீட்டர் நூத்தி எண்பதுதான் காட்டிச்சு," என்றார். அது உண்மைதானே? சென்சாரைக் குழாய் மாற்றி மாட்டிய கதையைத் தங்கை வாண்டாவிடம் மட்டும் குடித்துவிட்டு அழுது சொன்னார். வாண்டா அதை விழுங்கிக்கொண்டாள். போன குளிர்காலம்தான் என்னிடம் கக்கினாள். எனக்கு அவள் மேலும் கோபம்தான். ஆர்லீன் அவளை உடன்பிறந்தவள் போல நடத்தினாள்.

ஒன்றரை வருடம் கழித்து டெல்மர் வேறொரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினார். இந்த முறை சென்சாரைக் கொதிக்கும் குழாயிலேயே மாட்டினார். வாண்டா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள். அதை மறக்காதீர்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஏறினால்தான் கியர்பாக்ஸ் தாங்கும் என்று, நான் முதலில் சொன்ன அந்த இரவு, அதே ஒன்பது மைல் ஏற்றத்துக்கு இருட்டியபின் கிளம்பினார்கள், டெல்மர் தன் வண்டியில் தனியாக, வாண்டா அவள் வண்டியில். பேச்சுக்கு ஆளுக்கொரு வாக்கி-டாக்கி. டெல்மர் தன்னுடையதைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார். பட்டன் அமுங்கிவிடும். அப்புறம் அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் கத்தினால் அவருக்குக் கேட்காது.

நாலாவது மைலில் வாண்டாவுக்கு ஒரு வாடை... ரொட்டி தீய்ந்த வாடை. தன் வண்டியோ என்று மீட்டரைப் பார்த்தாள். இல்லை. ஐந்தாவது மைலில் முன்கண்ணாடியில் பொட்டு. ஒன்று... இரண்டு... வைப்பரைப் போட்டாள். கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இழுகியது. கியர்பாக்ஸ் ஆயில். முன்னால் போகிற வண்டியிலிருந்து.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தபோது அதுவே 'க்ளிக்' என்றது. உர்ரென்று இன்ஜின் சத்தம். பிறகு அண்ணன் குரல், ரொம்பச் சாதாரணமாக.

"என்ன காட்டுது?"

கரண்டி ஒன்று பீங்கானில் தட்டியது. டிங்... டிங்...

"நூத்தி எண்பது, டெல். நீ பாட்டுக்குப் போ."

வாண்டாவுக்கு அந்தக் குரல் நாற்பது வருடப் பழக்கம்.  ஹாரனை அழுத்தியவள் கையை எடுக்கவே இல்லை. ஆறாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் அந்த வண்டி தானாகவே இழுவை போய் நின்றது. அடியில் நெருப்பு பிடித்திருந்தது. தீயணைப்பானோடு ஓடி, அவள்தான் அணைத்தாள்.

கதவைத் திறந்தால் கருகிய ஆயில் நாற்றத்தோடு காபி மணம். அப்போதுதான் இறக்கிய காபி. ஆர்லீன் போனதிலிருந்து டெல்மர் காபி தொட்டதில்லை, அந்த வண்டியில் காபித் தூள் டப்பாகூடக் கிடையாது. அவர் பெல்ட்டோடு உட்கார்ந்து பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பொய் சொல்லமாட்டா, வாண்டா. முள்ளைப் பாரு," என்றார்.

முள் நூற்றியெண்பதில் நின்றது.

மறுநாள் மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். சென்சார் ஆறிய குழாயில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. அத்தனை தீயிலும் ஆயிலிலும் அதில் ஒரு கறையில்லை. டெல்மர் இப்போது ஒஹையோவில் மகள் வீட்டில் இருக்கிறார். கார் முன் இருக்கையில்கூட உட்காரமாட்டாராம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு மதியம் நீங்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தீர்களே, அப்போது எனக்கு என்னவோ போலிருந்தது. பாயை விரித்து எங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை வாசிக்கிறவள் நான். குழாயைத் தொட்டுப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

"கில், எங்க எழுந்து போற? உட்காரு. இன்னும் முடியல."

எங்கள் சென்சார் ஆறிய குழாயில் இருந்தது. கறுப்பு டேப், கில்லுடையது, நாலு சுற்று. நான் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அந்தக் கறுப்பு டேப்பின் மேல், நான் பார்க்காமல் போய்விடக் கூடாது என்பது போல, ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எங்கள் வண்டியில் பிளாஸ்திரி கிடையாது. நகத்தால் பிரித்தேன், உடனே வந்துவிட்டது... ஓரம் உள்பக்கமாக மடித்திருந்தது.